எறும்பு வராத வீடு

சமையல் மேடையில் சர்க்கரை கொட்டி இரண்டு நாளாகியும் ஓர் எறும்புகூட வரவில்லை என்பதை அவள் அன்று காலையில்தான் கவனித்தாள். சர்க்கரைக்கு எறும்பை அழைக்கவா வேண்டும்? மழை விட்டபாடில்லை. வெள்ளம் வீட்டுக்குள் ஏற இன்னும் ஒரு படிதான் பாக்கி, தெருவில் இடுப்பளவு. மாடிப்படி வெளிப்பக்கம், தண்ணீருக்குள். ஜன்னலெல்லாம் கம்பி. வேலைக்குப் போன கணவன் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் அவளும் நாலு வயது மகளும்தான்.

இரவு பத்து மணிக்கு மேல் தரை ஓடுகளின் இடுக்கில் ஈரம் கசிந்து, அழுகிய பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற ஒரு நெடி முதலில் கணுக்காலளவில், பிறகு முழங்காலளவில் எழும்பி, கடைசியில் குடிதண்ணீர்க் குடத்திலும் மகளின் தலைமுடியிலும் வந்து குடியேறியது.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். இந்த வீடு கட்டிய இடத்தில் முன்பு பூச்சிமருந்துக் கிடங்கு இருந்தது. மண்ணைச் சோதித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது, தாராளமாகக் குடிபோகலாம் என்று சொன்னதே அவன்தான். நெடி எப்படி இருக்கிறதென்று கேட்டுக்கொண்டான். பிறகு, மருந்து எங்கேயும் போகவில்லை, மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழை மட்கைப் பிடித்துக்கொண்டு சோதனைக்குச் சிக்காமல் கிடந்திருக்கிறது என்றான். நாள்கணக்கில் ஊறினால் கிருமிகள் அந்த மட்கைத் தின்னும். தின்னத் தின்னப் பிடி விட்டு மருந்து வெளியே வரும். அதே கிருமிகள் மருந்தையும் தின்றுவிடும்தான்.

"எத்தனை நாள்ல தின்னு முடிக்கும்?"

"வருஷக்கணக்காகும்மா. தண்ணியில கால் வைக்காதே. தரையிலயும் இருக்காதே."

"அப்ப நான் எங்கண்ணா நிக்கிறது?"

படகு அனுப்பச் சொல்வதாகச் சொன்னான். லைன் அறுந்தது.

மகளைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்து, தானும் ஏறிக்கொண்டு, கரண்ட் இல்லாததால் பேட்டரி விளக்கைப் போட்டாள். கீழே இடுக்கிலிருந்து மண்புழு வந்தது. ஒன்று. பத்து. பிறகு தரையே நெளிந்தது.

பிறகு நெளியவில்லை.

மகளின் வாயோரம் எச்சில் வழிந்தது. துடைத்தாள். மறுபடி வழிந்தது.

"ஏம்மா லைட்ட அணைச்சுட்டே?"

விளக்கு குழந்தையின் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். இரண்டு கண்ணிலும் பாவை ஊசி குத்திய அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

இல்லம்மா, எரியுதே என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவளுக்கும் அறை இருட்டிக்கொண்டு வந்தது.