திறக்காத வரை விஷமில்லை

"புரொபசர்...! ஐயோ, புரொபசர்!"

உதவியாளர் லிடுவினாவின் அலறலில் ஆராய்ச்சிக்கூடமே அதிர்ந்தது.

பேராசிரியர் எலோஹியோ இன்ஸ்ஃப்ரான் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். கையில் தெரெரே என்ற ஐஸ் போட்ட பச்சிலைப் பானம் குடிக்கும் மாட்டுக்கொம்புக் குவளை. விளிம்பிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உதடு நீலம்... மூச்சு இல்லை!

பராகுவே தலைநகர் அசுன்சியோனின் ஜனவரிக் கோடை வெயிலில் வேர்த்து வழிய வந்து நின்றாள் இன்ஸ்பெக்டர் சுனில்டா.

"தெரெரே கலந்தது யாரு?"

"நான்தான் மேடம்," என்றாள் லிடுவினா.

"குடிச்சது?"

"மூணு பேரும். புரொபசர், அவருக்கு அடுத்த பதவியில இருக்கிற டாக்டர் ரெக்கால்தே, நான். ஒரே ஜாடி, ஒரே குவளை, ஒரே குழல்."

"ஆனா ஒருத்தர்தான் செத்திருக்காரு. ரொப்பி ரொப்பிக் கொடுத்த கை உன்னோடது. விலங்கை மாட்டவா?"

"மாட்டுங்க மேடம்!" ரெக்கால்தே முன்னால் வந்தான். "ஜாடியில ஒண்ணுமில்ல. நானும் குடிச்சேன், குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். அவரோட முறை வந்தப்போ இவதான் குவளையில எதையோ தூவியிருக்கா."

"அபாண்டம்! நான் எதையும்..."

லிடுவினா பாதியில் நின்றாள்.

பிணத்தின் முழங்கை அருகே பிரஷர் மாத்திரை அட்டை!

குனிந்து அதிலிருந்த மருந்தின் பெயரைப் படித்தாள்.

"மேடம்... இது எங்க புரோட்டீனோட வேலை!"

"முட்டையில, கறியில இருக்குமே, அதுவா?"

"அந்த ஜாதிதான். எந்தப் புரோட்டீனும் எப்படி மடிஞ்சிருக்கோ அதுதான் அதோட வேலை. புற்றுநோய்க்காக நாங்க ஒண்ணு செஞ்சோம். மடக்குக் கத்தி மாதிரி. சும்மா மூடியே கிடக்கும். ஒரே ஒரு மருந்து பட்டா... விரிஞ்சு செல்லைக் கிழிச்சுடும். அந்த மருந்துதான் இந்த பிரஷர் மாத்திரையில இருக்கு! யாரோ ஜாடியில புரோட்டீனைக் கலந்திருக்காங்க, மாத்திரை போட்டவர் மட்டும் செத்துட்டாரு!"

"வயித்துல செரிச்சுப் போயிடாதா?"

"செரிக்காம இருக்கத்தான் இத்தனை நாள் பாடுபட்டோம்."

சொன்ன பிறகுதான் அவள் கை தன் வயிற்றுக்குப் போனது.

அவளும் குடித்திருக்கிறாள்... உள்ளே கிடக்கிறது... மூடிக்கொண்டு!

ரெக்கால்தே சிரித்தான். "மாட்டிக்கிட்டதும் என்னமா கதை விடறா! அந்தப் புரோட்டீன் சீல் உடையாம ஃப்ரீசர்ல இருக்கு. போய்ப் பாருங்க மேடம்."

"எனக்குத் தலை சுத்துது டாக்டர். தொண்டை வேற வறண்டு போச்சு," என்றாள் இன்ஸ்பெக்டர்.

சுனில்டா தன் பிளாஸ்க்கைத் திறந்தாள். மூலையில் திரும்பி உட்கார்ந்து தெரெரேக்குப் பச்சிலை இடிக்க அங்கிருந்த சின்ன உரலில் எதையோ இடித்தாள். தண்ணீரில் கலந்து தன் குவளையில் ஊற்றி ரெக்கால்தேயிடம் நீட்டினாள்.

பேசிக்கொண்டே வாங்கினான். குவளை நீண்டால் கை தானாகப் போகும் ஊர் அது. போலீஸ் நீட்டினால் என்ன, பக்கத்தில் பிணம் கிடந்தால்தான் என்ன!

உறிஞ்சி முடித்தான்.

"எப்படி டாக்டர்?"

"கொஞ்சம் கசக்குது. என்ன பச்சிலை?"

"பச்சிலையா? எனக்கும் பிரஷர். புரொபசரோட மாத்திரையில ரெண்டை இடிச்சுப் போட்டேன்."

ரெக்கால்தேயின் முகம் சாம்பலானது.

"அடிப்பாவி! என்னைக் கொன்னுட்டியே!"

சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை உருவினான்... மூடியைப் பல்லால் கடித்துத் துப்பினான்... ஒரே மடக்கு!

"மேடம், அது மாத்து மருந்து!" லிடுவினா கத்தினாள். "கத்தியை விரிய விடாம பிடிச்சுக்கிற புரோட்டீன்! நேத்து ஃப்ரீசர்ல இருந்துச்சு!"

சுனில்டா நிதானமாக எழுந்தாள்.

"ஜாடியில ஒண்ணுமில்லேன்னீங்க. அப்புறம் மாத்து மருந்து எதுக்கு டாக்டர்?"

காலிக் குப்பி அவன் கையிலிருந்து நழுவி உடைந்தது.

"அந்த டைரக்டர் நாற்காலி..." என்றான் ரெக்கால்தே. "கிழவன் சாகாம எழுந்திருக்க மாட்டான். எத்தனை வருஷம் நின்னுக்கிட்டே இருக்கிறது?"

"மேடம்... நிஜமாவே மாத்திரையைக் கலந்தீங்களா?" லிடுவினா கேட்டாள்.

"சாட்சியத்தை யாராவது இடிப்பாங்களாம்மா? அது என் அல்சருக்கு வாங்கின கசப்புப் பட்டை. நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. தலையே வெடிச்சாலும் மாத்திரை பக்கம் மட்டும் போயிடாதே."

விலங்கு 'க்ளிக்' என்றது.

ரெக்கால்தேயை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டே சுனில்டா சொன்னாள்:

"கவலைப்படாதீங்க டாக்டர், ஜெயில்லயும் தெரெரே உண்டு. ஐஸ்தான் கிடையாது!"