சுத்தமான வலை

விடிந்தபோது கூண்டில் வளர்ந்த கொடுவா மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கழிமுகத்தில் வரிசையாகக் கட்டிய கூண்டுகளில் அந்த ஒன்றில் மட்டும்தான் சாவு.

காலை ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தபோது கூண்டுக்காரர் கரையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். விஷம் வைத்தது யார் என்று அவரே முடிவு செய்துவிட்டார். கூடப் பிறந்த தம்பி, படகுப் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவன். வீட்டைப் பங்கு பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இருட்டு பிரியும் நேரத்தில் அவன் கூண்டருகே நின்றதைப் பக்கத்துக் கூண்டுக்காரர் பார்த்திருக்கிறார். வலையின் ஒரு மூலையும் அறுந்து தொங்கியது.

"அவனை உள்ள தள்ளுங்கம்மா. எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல."

தம்பி ஓடி ஒளியவில்லை. விரலெல்லாம் வெட்டுக்காயம்.

"வலையை அறுத்தது நீதானா?"

"ஆமா. பட்டறைக்குப் போற வழியில பார்த்தேன், மீனுங்க மூச்சுத் திணறிச்சு. முடிஞ்சதை வெளிய விட்டேன்."

"விஷம் வச்சது யாரு?"

கூண்டுக்காரருக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தாள்; அண்ணி நின்ற அந்தப் பக்கம் அவன் ஒருமுறை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "தெரியாது."

மீன்வளத் துறையிலிருந்து வந்திருந்த மீன் டாக்டர் ஒரு மீனை அறுத்துப் பார்த்தார். செவுளில் சளி அப்பியிருந்தது, ஈரல் கெட்டிருந்தது. ஒரே ராத்திரியில் வந்த கேடு இல்லை, ஏதோ உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது என்றார். கூண்டுக்காரரும் யோசித்துச் சொன்னார்: புது வலை கட்டிய ரெண்டு மாதமாகவே மீன்கள் சரியாகத் தீனி எடுக்கவில்லை. நாலு நாள் மழைக்குப் பிறகு மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன.

இன்ஸ்பெக்டர் பக்கத்துக் கூண்டு வலையைத் தூக்கச் சொன்னார். பாசியும் சிப்பியும் மண்டியிருந்தன. மீன் செத்த கூண்டின் வலை செங்காவி நிறத்தில், ஒரு சிப்பிகூட இல்லாமல் இருந்தது.

"நம்ம ஸ்டேஷன் ஜன்னலைவிட சுத்தமா இருக்கும்மா" என்றார் ஏட்டு.

கூண்டுக்காரருக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமை. "என் சம்சாரம் வாங்கினது. நான் தோள்பட்டை இறங்கிப் படுத்திருந்தப்ப அவளே வாங்கிட்டு வந்தா. தேய்க்கவே வேண்டியதில்ல."

கரையில் அவருடைய படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் விரல் வைக்க இடமில்லாமல் சிப்பி ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் படகைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், கடைசியாக அந்த அம்மாவைப் பார்த்தார்.

"படகுக்கு அடிக்க வேண்டிய பெயிண்டை வலைக்கு அடிச்சிட்டீங்க, இல்லையாம்மா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாக விளக்கினார். படகின் அடியில் அடிக்கும் அந்தப் பெயிண்டில் செம்பு இருக்கிறது. சிப்பி ஒட்டாமல் விரட்டுவது அதுதான். அதே செம்பு கூண்டுக்குள் கசிந்து மீனின் செவுளையும் அரித்தது. உப்புத் தண்ணீரில் அதன் வீரியம் குறைவு. மழையில் உப்பு குறைந்ததும் அது கொல்லத் தொடங்கியது. "மத்த வலையெல்லாம் அழுக்கா இருக்கிறதாலதான் மத்த மீனெல்லாம் உயிரோட இருக்கு. விஷம் வைக்க வந்தவன் கையைக் கிழிச்சிக்கிட்டு மீனை வெளிய விடுவானா?"

"கொழுந்தன்தான் டப்பாவைக் கொடுத்துச்சு, அண்ணன் படகுக்கு அடிங்கன்னு" என்றாள் அவள். "வலையைத் தேய்க்கத் தண்ணியில இறங்கினா இவரு ராத்திரி முழுக்க வலியில முனகுவாரு. சிப்பி ஒட்டலேன்னா இறங்க வேண்டாமேன்னு நெனச்சேன். மீனுக்கு ஆகாதுன்னு தெரியாதும்மா."

செத்த மீனை யாரும் தின்னக் கூடாது, ஆழமாகப் புதைக்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். வழக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

கூண்டுக்காரர் தம்பியின் எதிரே போய் நின்றார்.

"வலை நிறத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும். வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அண்ணியைத் திட்டுவ."

அவர் தம்பியின் விரல்களைப் பார்த்தார்.

"அந்த வலையைக் கழட்டணும்" என்றார். "எனக்கு ஒரு தோள்தான் இருக்கு. அந்தப் பக்கம் பிடி."