கணக்கில் சேராத தீவு

சன்னலோரம் நின்ற நிகாய்தோவுக்கு முதலில் உறைத்தது, அலைச் சத்தம் இல்லாததுதான். ஜப்பானின் அவாஜிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். கடல் வாயை மூடி அவர் பார்த்ததில்லை. பனிமூட்டத்தோடு பாசி வாடையும், கைக்குழந்தையின் மேல் அடிக்கிற புளித்த பால் வாடையும் கலந்து, கூடத்துப் பாய்களின் மேல் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.

தூரத்தில் கிடக்க வேண்டிய நுரைத்தீவு, படகுத்துறைக்கு இந்தப் பக்கம் இருந்தது.

அந்த ஊர்ப் புராணத்தில், தீவுகளையெல்லாம் பிள்ளைகளாகப் பெற்ற ஆதித் தம்பதி, எலும்பில்லாமல் பிறந்து மனசுக்குப் பிடிக்காமல் போன அந்த ஒன்றை மட்டும் பிள்ளைக் கணக்கில் சேர்க்காமல், கோரைப் படகில் வைத்துக் கடலோடு விட்டுவிட்டார்கள். மீனவர்களும் தீவுகளை எண்ணும்போது அதைத் தாண்டித்தான் எண்ணுவார்கள். சுற்றுலாக் குழுத் தலைவர் நிகாய்தோ தாண்டவில்லை. காலையில் விழா மேடையேறி, வெள்ளைக் கையுறையும் ஒலிபெருக்கியுமாக, “மூத்த பிள்ளையே! இன்று முதல் நானே உன் தந்தை. வீட்டுக்கு வா!” என்று முழங்கினார். கைதட்டலில் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

“வந்திருச்சு,” என்றாள் மனைவி கினுயோ, ஐந்து வயது மகள் சுஸுவை இறுக்கிக்கொண்டு. “போய் வரவேற்புரை குடுங்க.”

“சும்மா இரு. இது நீரோட்டம்... நிபுணர் குழு ஒண்ணு போட்டு...”

தோட்டத்து மூங்கில் வேலி நொறுங்கியது.

“அப்பா, வெளியில யாரோ உங்கள அப்பான்னு கூப்பிடுறாங்க,” என்றாள் சுஸு. “என் இடத்துல படுத்துக்கணுமாம்.”

கினுயோவின் குரல் உடைந்தது. “பிள்ளையில்லன்னு சொல்லித் தொலைங்களேன்! பெத்தவங்களே அப்படிச் சொல்லித்தானே அனுப்பினாங்க?”

காகிதம் ஒட்டிய கதவு உள்பக்கமாக வளைந்தது. ஈரம். வாடை. கதவுக் காகிதத்தில் எலும்பில்லாத ஒரு பெரிய நிழல்.

மேடைக்குரல் கைவிட்டது. “நீ... நீ என் பிள்ளை இல்ல.”

நிழல் போகவில்லை. காகிதம் கிழிந்தது.

நிகாய்தோ நெற்றியைப் பாயில் மோதி மோதி அலறினார்: “எனக்குப் பிள்ளையே இல்ல! ஒண்ணுகூட இல்ல! நான் யாருக்கும் அப்பன் இல்ல!”

நிழல் நின்றது. விலகியது. கடல் மறுபடி இரையத் தொடங்கியது.

மகளைக் காப்பாற்றிவிட்டார். சிரிப்பும் அழுகையுமாகத் திரும்பினார்.

கினுயோ பாயிலிருந்து கோரைகளை உருவிக்கொண்டிருந்தாள். நிதானமாக. ஒரு குழந்தை படுக்கிற அளவுக்குப் படகொன்று பாதி முடைந்திருந்தது. பக்கத்தில் சுஸு, எலும்பெல்லாம் உருகியதுபோல் குழைந்து கிடந்தாள். வாய் மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

“ஏங்க,” என்றாள் கினுயோ, நிமிராமல். “யார் பெத்ததோ, நம்ம வீட்டுல கிடக்கு. இருட்டுறதுக்குள்ள கடல்ல விட்டுட்டு வந்துரலாம். கால்பக்கம் பிடிங்க.”

அவருடைய கைகள் போய்ப் பிடித்தன.