பேணிச் சத்தம்

மழை விட்டு அரை மணி நேரமாகியும் அந்தச் சத்தம் மட்டும் விடவில்லை. கூரைத் தகரத்திலிருந்து விழும் சொட்டுக்கு ஓர் ஒழுங்கு கிடையாது, இதற்கு இருந்தது. டங், டங், டங். மூச்சு விடும் அளவு ஓய்வு. மறுபடியும் மூன்று. மதுஷா ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள், ஒழுக்குக்கு வைத்த பானையை நகர்த்திப் பார்த்தாள். பசறை மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் வாசலை அடைத்து நின்றது. பட்டப்பகலில், வீட்டுக்குள் ஈரமண் வாடை.

சத்தம் சிமெண்டுத் தரைக்குக் கீழிருந்து வந்தது.

இரண்டு மணிக்கு வகுப்பு. படைப்பெழுத்து முதுகலைமாணி, இரண்டாம் வருடம்; சனிக்கிழமைதோறும் போனில். இன்று அவளுடைய கதையை அலசும் நாள். இது தேறினால்தான் பட்டம். இயர்போன் காலையிலேயே செத்துப்போனதால் ஸ்பீக்கரில் போட்டாள். சிக்னல் போதாமல் எல்லோரும் கேமராவை அணைத்திருந்தார்கள். அப்பா மாடசாமி உள்ளறையில் கால்வலியோடு படுத்திருந்தார்.

"விதி தெரியும்தானே, மதுஷா?" என்றார் விரிவுரையாளர் காமிலா. "எல்லாரும் பேசி முடியிற வரைக்கும் எழுதினவங்க வாய் திறக்கக் கூடாது."

அது அவளுக்குப் பழக்கம்தான். பத்து வருடமாக அதைத்தானே செய்கிறாள்.

மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் லயத்தை மூடியபோது அவளுக்குப் பதினாலு வயது. தாயில்லாத அவளை வளர்த்த அத்தை பாக்கியலெட்சுமி உள்ளே. தினமும் விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்புமுன், தேத்தண்ணி குடிக்கும் தகரப் பேணியில் மூன்று தடவை தட்டி அவளை எழுப்புவாள் அத்தை. மூன்றாம் நாள் சேற்றில் காதை வைத்தபோது மதுஷாவுக்கு அந்தத் தட்டல் கேட்டது. மேலே மலை மறுபடி வெடிப்பு விட்டிருந்தது. அப்பா இடுப்பில் கயிறு கட்டி, கையில் மண் தோண்டும் இரும்பு அலவாங்கோடு, இறங்கத் தயாராக நின்று கேட்டார்.

"ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா புள்ள?"

"இல்லப்பா. மழைதான்."

அப்பா இறங்கவில்லை, பிழைத்தார்; அத்தை மண்ணுக்குள்ளேயே போனாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெயரை மாற்றிக் கதையாக எழுதிவிட்டால் நெஞ்சுப் பாரம் குறையும் என்று நினைத்தாள். அதுவும் கோழைத்தனம்தான்.

போனில் சக மாணவன் ஜெயரூபனின் குரல் கணீரென்று வந்தது. "அத்தக்காரி மூணு நாளா உசிரோட பேணியத் தட்டிக்கிட்டு கெடக்கா. தகப்பன் கயித்தக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. பொண்ணு மழைன்னு பொய் சொல்லிடுறா. அந்த எடம் நல்லா இருக்கு."

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது.

ஒலியைக் குறைக்க விரல் நீட்டினாள். அவசரத்தில் கூட்டிவிட்டாள்.

"ஆனா தட்டுறது எப்ப நிக்குது?" என்று கேட்டாள் இன்னொரு மாணவி இஸ்ரா. "அத எழுதவே இல்லயே."

டங், டங், டங்.

"மதுஷா, அங்க யாரோ தட்டுறாங்க. கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க," என்றார் காமிலா.

அவர்களுக்கும் கேட்கிறது. மைக்கை அணைத்தாள். நிமிர்ந்தாள்.

உள்ளறை வாசற்படியில் அப்பா. கையில் அலவாங்கு. அவர் மகளைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார்.

"ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா புள்ள?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள்.

"இல்லப்பா. மழை..."

அவர் ஓங்கிக் குத்தினார். சிமெண்டு பிளந்தது. செம்மண் சேறு குமிழியிட்டது. மண்டியிட்டு, முழங்கைவரை கையை விட்டார்.

"அக்கா. வந்துட்டேன்க்கா."

சேற்றுக்குள்ளிருந்து ஐந்து விரல்கள். நகமே இல்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தன. இழுத்தன. தோள். பிறகு அவருடைய நரைத்த தலையும் உள்ளே போனது. மதுஷா பாய்ந்து சட்டையைப் பற்றினாள். கிழிந்த துணிதான் கையில் மிஞ்சியது.

அலவாங்கையும் விழுங்கிச் சேறு மூடிக்கொண்டது.

டங், டங், டங்.

பிறகு, அதற்குப் பதில் சொல்வதுபோல, பக்கத்திலேயே இன்னொன்று. இரும்புச் சத்தம். மூன்று தடவை.

"சரி மதுஷா," என்றது போன். "இப்ப நீங்க பேசலாம்."