எண்பது பேரைக் காக்க வைத்த ரப்பர்

“சும்மா பார்க்கத்தான் வர்றா. எதையும் தொடமாட்டா” என்று சித்தி சொன்னதை நம்பித்தான் குண்டூசியை உள்ளே விட்டார்கள். பதினொரு வயதுப் பிள்ளை எதையும் தொடாது என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது.

குண்டூசி என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் ஒல்லி, கேள்வி கூர்மை. நாலு வருஷமாக வயலின் கற்கிறாள். விடுமுறைக்குக் கடல் தாண்டிச் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். சித்திக்கு அங்கே ஒரு பெரிய இசைக்குழுவின் மேடையில் நாற்காலி போடும் வேலை. எண்பது நாற்காலி. ஒன்று கோணலாக இருந்தாலும் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அங்கே பேசுவது வேறு மொழி. குண்டூசி பள்ளியில் படித்த மொழிதான், தட்டுத் தடுமாறிச் சமாளிப்பாள். நமக்கு எதற்கு அந்தச் சிரமம்? எல்லாரும் நம் பேச்சிலேயே பேசட்டும்.

“ஒத்திகையில வாயைத் திறந்தே, என் வேலைக்கு வேட்டுதான். புரியுதாடி?” என்றாள் சித்தி.

“கொட்டாவி விடலாமா?”

“வாயை மூடிக்கிட்டு விடு.”

முதலில் தாள் அறை. கூரை வரை அலமாரி, அதில் இசைத் தாள்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் தாள்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நெத்தியில இருக்கு சார்” என்றாள் குண்டூசி.

“தெரியும்” என்றார் அவர். தெரிந்த மாதிரி இல்லை.

அவருக்கு அன்று தலைபோகிற அவசரம். வயலின் வாசிப்பவர்கள் எல்லாரும் வில்லை ஒரே பக்கம் இழுக்க வேண்டும், ஒரே பக்கம் தள்ள வேண்டும். அதற்குத் தாளில் பென்சிலால் குறி போடுவார்கள். கீழே இழுக்க ஒரு குறி, இரண்டு கால் மேசை போல இருக்கும். மேலே தள்ள ஒரு குறி, ஆப்பு போல இருக்கும். வயலின்காரர்களுக்குத் தலைவர் முந்தின நாள்தான் ஒரு பக்கம் முழுக்கக் குறிகளை மாற்றியிருந்தார். அதை மற்ற தாள்களிலும் ஏற்ற வேண்டும்.

வயலின் வரிசையில் பதின்மூன்று பேர். இரண்டு பேருக்கு ஒரு தாள். பதின்மூன்றாவது ஆள் ஒற்றை, அவருக்குத் தனித் தாள். அந்தத் தாளைத்தான் தாள்காரர் குண்டூசி பக்கம் தள்ளினார்.

“வயலின் கத்துக்கிறே இல்ல? இதைப் பார்த்து அதுல போடு. அப்படியே.”

பார்க்க வந்தவளிடம் வேலை வாங்கிவிட்டார். குண்டூசிக்கோ தலைகால் புரியவில்லை. நிஜமான குழுவின் நிஜமான தாள்!

மேசை, ஆப்பு, மேசை, ஆப்பு. இரண்டு வரி பார்த்துப் பார்த்துப் போட்டாள். அதற்கு மேல் எதற்குப் பார்ப்பானேன்? மாறி மாறித்தானே வருகிறது! மேசை, ஆப்பு, மேசை, ஆப்பு என்று விறுவிறுவென்று பக்கத்தின் அடி வரை போட்டு முடித்தாள்.

“அதுக்குள்ளயா?” என்றார் தாள்காரர். சரிபார்க்க அவருக்கு நேரமில்லை.

ஒத்திகை தொடங்கியது. குண்டூசிக்கு மேடையில் கடைசி வயலினுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. ஊதுகுழல்காரர் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தார். எண்பது பேரும் அதைக் கேட்டுத் தங்கள் வாத்தியத்தைச் சரிசெய்தார்கள். பித்தளைக் கொம்பு வாசிக்கிறவர் கொம்பைக் கவிழ்த்து உள்ளே தேங்கிய தண்ணீரைத் தரையில் கொட்டினார். யாரும் அவரைத் திட்டவில்லை. மேளக்காரர் தன் முறை வரும்வரை செய்தித்தாள் படித்தார்.

கடைசி வயலின் ஓர் அக்கா. தேய்ந்த செருப்பு, நேரான முதுகு. அவரைப் பற்றிச் சித்தி காலையிலேயே சொல்லியிருந்தாள். ஆறு மாதம் வைத்துப் பார்க்கிறார்கள், இந்த வெள்ளிக்கிழமை முடிவு. பிடித்தால் வேலை. இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர்.

முன்னால் நின்று கோல் அசைப்பவரைக் கோல்காரர் என்பார்கள். மாற்றிய பக்கம் வந்தது. மூன்றாவது வரியில் கோல் நின்றது. எண்பது வாத்தியமும் நின்றன.

“ரோடு முழுக்க ஒரு பக்கம் போகுது. ஒரு சைக்கிள் மட்டும் எதிர்ல வருது. யாரது?”

எல்லாரும் திரும்பினார்கள். பன்னிரண்டு வில் மேலே இருந்தன. அக்காவின் வில் கீழே இருந்தது.

வயலின் தலைவர் நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தார். “ஆறு மாசம் ஆச்சும்மா. தாளைப் பார்த்து வாசிக்கக்கூட வரலைன்னா, வெள்ளிக்கிழமை நான் என்னன்னு சொல்றது?”

அக்கா தாளைப் பார்த்தார். பிறகு கழுத்தை லேசாகத் திருப்பிக் குண்டூசியைப் பார்த்தார். “மன்னிச்சுக்குங்க சார். மறுபடி வாசிக்கிறேன்” என்றார்.

குண்டூசி நாற்காலி நுனிக்கு வந்தாள். எட்டிப் பார்த்தாள். தாளில் மேசையும் ஆப்பும் மாறி மாறி அழகாக இருந்தன. அவள் போட்டவைதான். அதுதான் தப்பு.

மேடை ஓரத்தில் நின்ற சித்தியைப் பார்த்தாள். சித்தி உதட்டின் மேல் விரல் வைத்தாள். பேசாமல் இருந்தால் சித்திக்கு நல்லது, குண்டூசிக்கும் நல்லது. அக்காவுக்கு மட்டும் கெட்டது.

கோல் மேலே போனது.

“நிறுத்துங்க!” என்றாள் குண்டூசி.

சித்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“யாரு நீ?” என்றார் கோல்காரர்.

“பார்க்க வந்தவ. அந்தக் குறியெல்லாம் நான் போட்டது சார். பார்க்காம போட்டுட்டேன். அக்கா தாள்ல இருக்கிறபடிதான் வாசிச்சாங்க.”

“பார்க்க வந்தவ எதுக்குப் போட்டே?”

மேடைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். “நான்தான் குடுத்தேன்” என்றது தாள்காரரின் குரல். அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பாட்டே வாசித்து முடித்திருக்கலாம்.

“சரி. திருத்து.”

“இப்பவா சார்?”

“இல்ல, அடுத்த வருஷம். இப்பத்தான்!”

அக்கா ஒரு பென்சிலும் ரப்பரும் நீட்டினார். எண்பது பேர் சும்மா உட்கார்ந்து பார்க்க, குண்டூசி அழிக்கத் தொடங்கினாள். அவ்வளவு பெரிய கூடத்தில் ரப்பர் சத்தம் மட்டும் கேட்டது. அது அத்தனை பெரிய சத்தம் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது.

மூன்றாவது வரியில் எல்லாவற்றையும் தலைகீழாக்கினாள். மேசை இருந்த இடத்தில் ஆப்பு, ஆப்பு இருந்த இடத்தில் மேசை. அப்படியே அடி வரை மாற்றிவிட்டால் முடிந்தது.

கை நின்றது. காலையிலும் இப்படித்தானே முடித்தாள்?

“ஆச்சா?” என்றார் கோல்காரர்.

“இல்ல சார்.”

எழுந்து வரிசைகளுக்கு நடுவே முன்னால் நடந்தாள். வயலின் தலைவர் முன் போய் நின்றாள்.

“உங்க தாளைக் குடுங்க சார். பார்த்துத்தான் போடணும்.”

தலைவரிடம் தாள் கேட்டவர் அந்தக் குழுவில் யாரும் இல்லை. அவர் தாளை எடுத்துக் கொடுத்தார். மேளக்காரர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டார். இது அதைவிட நன்றாக இருந்தது.

குண்டூசி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு குறியாக விரல் வைத்துப் பார்த்துத் திருத்தினாள். மூன்றாவது வரியில் இரண்டு ஆப்பு சேர்ந்தாற்போல் இருந்தது. அங்கேதான் தடம் புரண்டிருக்கிறது. ஏழாவது வரியிலும் அதே போல் இரண்டு ஆப்பு. அதனால் ஏழாவது வரிக்குக் கீழே காலையில் போட்டது தற்செயலாகச் சரியாக இருந்தது. பார்க்காமல் அடி வரை மாற்றியிருந்தால் சைக்கிள் மறுபடியும் எதிரில் வந்திருக்கும்.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “ஆச்சு சார்.”

கோல் அசைந்தது. பதின்மூன்று வில்லும் ஒன்றாக இறங்கின, ஒன்றாக ஏறின. ஏழாவது வரியையும் தாண்டி அடி வரை போயின. கோல்காரர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இடைவேளையில் அக்கா ரப்பரை வாங்கிக்கொண்டார்.

“நான் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“பார்த்ததும் தெரிஞ்சுது. தாள்காரர் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். இது அழகா இருந்துச்சு, இங்க புதுசா வந்தது நீ ஒருத்திதான்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீயே சொல்றியான்னு பார்த்தேன்.”

“சொல்லலைன்னா?”

“அடுத்த தடவை நிறுத்தினா நானே சொல்லியிருப்பேன். எனக்கு வேலை வேணாமா?” என்றார் அக்கா.

குண்டூசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சித்தி திட்டினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “பயமா இல்லையாடி?” என்று கேட்டாள். “இருந்துச்சு” என்றாள் குண்டூசி. சித்தி அதற்கு மேல் திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை சித்தி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சமையலறைக்கு வந்தாள்.

“இன்னிக்கு ஒரு நாற்காலிக்குப் பேர்ச்சீட்டு ஒட்டினேன். பதிமூணாவது வயலின். நிரந்தர ஆளுக்கு மட்டும்தான் ஒட்டுவாங்க.”

குண்டூசி நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். பிறகு நின்று யோசித்தாள்.

“பேரைத் தப்பில்லாம எழுதினீங்களா சித்தி? பார்த்துத்தானே எழுதினீங்க?”

சித்தி கைப்பையை ஓங்கினாள். குண்டூசி ஓடியே போனாள்.