கதவின் கீல் பக்கம்

படத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. சட்டத்தின் விளிம்பு உள்ளங்கையை அறுத்துவிட்டது. ரத்தம் வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெண்டாட்டி செத்துப்போன இந்த இரண்டு மாதமாக எல்லாமே அப்படித்தான். சோறு இறங்குகிறது, ருசி தெரியவில்லை. அக்கா கட்டிக்கொண்டு அழுதபோதும் நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செத்தவர்களை வரைவதுதான் என் பிழைப்பு. வீட்டார் போட்டோ கொடுப்பார்கள், நான் எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைந்து கொடுப்பேன். இப்போதெல்லாம் செல்ஃபிதான் கொண்டுவருகிறார்கள். அதில் பல நேரம் முகம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி விழுந்திருக்கும். அதனால் பென்சிலைத் தொடும் முன்பே கேட்டுவிடுவேன். மச்சம் எந்தக் கன்னம், வகிடு எந்தப் பக்கம்? பதினெட்டு வருஷத்தில் கேட்காமல் வரைந்ததே இல்லை.

என் பெண்டாட்டியை அவள் எடுத்த செல்ஃபியைப் பார்த்து வரைந்தபோது கேட்கவில்லை. யாரைக் கேட்பது? வீட்டார் நான்தானே.

அக்கா துணியை விலக்கிப் பார்த்தாள். "அப்படியே எழுந்து வந்துடுவா போல இருக்குடா," என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு தலையைச் சாய்த்தாள். "மச்சம் இவளுக்கு வலது கன்னத்துல இல்ல?"

படத்தில் இடது கன்னத்தில் இருந்தது. சரியா, தப்பா என்று யோசித்தேன்.

எனக்குத் தெரியவில்லை.

பதினொரு வருஷம் பக்கத்தில் படுத்திருந்த முகம். "எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு" என்று மழுப்பிவிட்டு ஆணி அடித்தேன்.

மறுநாள் மத்தியானம் கூடத்தில், வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாடை அடித்தது. படம் காய்ந்து பத்து நாளாகியிருந்தது. அப்போதுதான் வாசல் கதவில் அந்தச் சத்தம் கேட்டது. தட்டுகிற சத்தமில்லை. உள்ளங்கை மரத்தின்மேல் மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டு போகிற சத்தம். அதுவும் கைப்பிடி இருக்கிற பக்கத்தில் இல்லை, கீல் இருக்கிற பக்கத்தில்.

கைப்பிடியைத் தேடுகிறது.

திறந்தேன். படிக்கட்டில் ஒருவருமில்லை. எலி என்று சொல்லிக்கொண்டேன். எலிக்கு ஏது வளையல் சத்தம்?

மூன்றாம் நாள் நான் ஸ்டுடியோவிலிருந்து திரும்பியபோது மகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது, வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். தலை சீவிப் பின்னியிருந்தது. வகிடு அவளுக்கு எப்போதும் இடது பக்கம். இன்று வலது பக்கம் இருந்தது.

"யாரும்மா சீவிவிட்டது?"

"அம்மா. கதவைத் தடவிக்கிட்டே இருந்தாங்க, நான்தான் திறந்து விட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "இடது கையால சீவினாங்கப்பா. பாவம், அடுப்பு எங்க இருக்குன்னே தெரியல. சமையலறைக்குப் போறேன்னு சுவத்துல முட்டிக்கிறாங்க. இப்பதான் வெளிய போனாங்க."

இடது கையால் அவள் ஒரு ஸ்பூன்கூடப் பிடித்ததில்லை. அது மட்டும் எனக்கு நினைவிருந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. சொந்த வீட்டிலேயே அவளைத் திக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

"அம்மாவைச் சரி பண்ணிடுப்பா," என்றாள் மகள்.

படத்தைக் கண்ணாடிக்கு எதிரே சாய்த்து வைத்தேன். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்துப் புதிதாக வரைந்தேன். ஆறு நாள். மச்சம் வலது கன்னத்துக்கு வந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். பழையதைச் சுரண்டிப்போட்டிருக்கலாம். ஆனால் செத்தவர் முகத்தில் கத்தி வைக்க எங்கள் தொழிலில் யாருக்கும் கை வராது. அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

அன்று மத்தியானம் கைப்பிடி இருக்கிற பக்கத்தில் இரண்டு தட்டு தட்டும் சத்தம். கடைக்குப் போய்த் திரும்பினால் அவள் தட்டுகிற தட்டு. இரண்டு மாதத்தில் முதல்முறையாக எனக்கு அழுகை வந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

கீல் பக்கத்தில் உள்ளங்கை தடவ ஆரம்பித்தது.

இரண்டு பக்கமும்.

ஒரே நேரத்தில்.

மகள் என் சட்டையைப் பிடித்தாள். "எந்த அம்மாவுக்குப்பா திறக்கணும்?"

சுவரில் இருந்த முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். வலது கன்னத்தில் மச்சம். சரியென்று அக்கா சொல்வாள். நானாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரையும் வரைந்தவன் நான்தான்.

"என்னங்க," என்றது கீல் பக்கத்துக் குரல், மிக மெதுவாக. "கதவு எங்கங்க இருக்கு?"

அவள் குரல்தான்.

கைப்பிடிப் பக்கம் மறுபடியும் இரண்டு தட்டு. பொறுமையாக.

கையை எடுத்துவிட்டேன். மகளை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். தடவுவதும் தட்டுவதும் மாறி மாறிக் கேட்டன. எப்போது கண்ணயர்ந்தேனோ தெரியவில்லை.

விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. சத்தம் இல்லை. மகள் என் மடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள்.

நடுவகிடு எடுத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. ஒன்று அவள் அம்மா எப்போதும் பின்னுகிற மாதிரி. மற்றது எதிர்ப்பக்கமாகப் பின்னியிருந்தது.

இரண்டிலும் டர்பன்டைன் வாடை அடித்தது.