ஆதம்பாக்கத்தில் பனி

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஆதம்பாக்கம் வீரர் நினைவு மண்டபத்தில் மகனின் சிலையைத் துடைக்கப்போன சூடாமணி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். வெண்கலம் சில்லிட்டிருந்தது.

"ஏசி எதனா போட்டுகீறியா பாய்?"

"ஃபேனே ஓடலக்கா. கரண்ட் இல்ல," என்றார் கலீமுல்லா. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பழைய பட்டாளத்துக்காரர். "நீ தொடச்சிகினு இரு, தொழுதுட்டு வந்துடறேன்." கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத அந்த வட்டாரத்துப் பையன்கள் எல்லாரும் அங்கே மார்பளவுச் சிலைகளாக வரிசையாக இருந்தார்கள். கடைசியில் ரகுபதி. பனிச்சரிவில் புதைந்தவன். வீட்டுக்கு வந்த பெட்டியைத் திறக்க விடவில்லை. பார்ப்பதற்கென்று சூடாமணிக்கு மிஞ்சியது இந்த முகம்தான்.

அவள் துணியை நனைத்து நெற்றியில் வைத்தாள். வெளியே ஓயாமல் அலறிக்கொண்டிருந்த ஆட்டோ ஹாரன்களும், தெருமுனையில் கரும்பு பிழியும் மெஷினின் கடகடப்பும் பஞ்சுக்குள் அமுக்கியதுபோல மெல்ல மெல்ல அடங்கிப்போக, நனைந்த கம்பளியும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்த, அந்தத் தெருவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாடை அறை முழுக்கப் பரவியது. நெற்றியில் வைத்த துணி விறைத்துக் கட்டையானது. அவள் விட்ட மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

பக்கத்தில் இன்னொரு மூச்சும் புகைந்தது.

"எம்மா..."

அந்தக் குரலை எப்படி மறப்பாள்?

"குளுருதும்மா."

பயத்திலும் பெற்ற கை சும்மா இருக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அவன் கன்னத்தில் பொத்தி வைத்தாள். "இதோ கீறேன் நைனா. அம்மா இங்கதான் கீறேன்."

"போவாதம்மா."

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இழுத்தாள். தோல் உரிந்தது. வலிக்கவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன.

கதவில் நிழல் தட்டியது. கலீமுல்லா!

"பாய்! கதவத் தொற!"

குரல் எழும்பவில்லை. புகைதான் வந்தது. கண்ணாடி முழுக்க வெண்பனி அப்பியிருந்தது. அவர் அதில் நெற்றியை ஒட்டவைத்து உள்ளே பார்த்தார். நேராக அவளைத்தான் பார்த்தார்.

"அக்கா சொல்லாம கொள்ளாம பூட்டாங்களே," என்று முனகினார்.

பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்தது.

"ரகு, உட்டுருடா. அம்மாவால முடியல."

குளிர் முழங்கையைத் தாண்டியது. தோளைத் தொட்டது.

பின்னால் கிறீச்சென்று ஒரு சத்தம். உலோகம் திருகும் சத்தம். இன்னொன்று. இன்னொன்று. கழுத்தை மட்டும்தான் அவளால் திருப்ப முடிந்தது. திருப்பினாள்.

வரிசை முழுக்க அத்தனை முகங்களும் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வாய்கள் திறந்தன. உள்ளே நாக்கு இல்லை. தொண்டைவரை பனி.

"எம்மா," என்றன எல்லாம்.